எல்லாம் பச்சைதான், துரை!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து அப்படியே வடக்கே நடந்து பாருங்கள். சுண்டல், பலூன், செல்போனில் படம் பிடித்துக்கொள்ளும் புது ஜோடிகள் எல்லாம் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே வரும். வழவழப்பான நடைபாதை முடியும். பழைய சாராய ஆலைப் பக்கம் தாண்டியதும் வலை உலர்த்தும் வாசனை அடிக்கும். அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் ஃபைபர் படகுகள், அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. அதுதான் குருசுக்குப்பம். 'குருசு' என்றால் சிலுவை. போர்த்துக்கீசியர்கள் நமக்கு விட்டுவிட்டுப் போன சொற்களில் ஒன்று.

அங்கே ஒரு சாயங்காலம் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். பையன் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். சனி, ஞாயிறு ஊருக்கு வந்தாலும் மடியில் லேப்டாப்!

"எங்க மேனேஜர் ரொம்பக் கெட்டிக்காரர் சார். எங்களைவிட அதிகமா உழைப்பார். ஆனா ஒரே ஒரு விஷயம்... வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்ல எல்லாமே பச்சையா இருக்கணும்" என்றான்.

பச்சை என்றால்? அவர்கள் வேலையில் சிக்னல் விளக்கு மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. வேலை ஒழுங்காக நடந்தால் பச்சை. இழுத்தால் மஞ்சள். கவிழப் போகிறது என்றால் சிவப்பு. "சிவப்பு போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "'ப்ராப்ளத்தோட வராதே, சொல்யூஷனோட வா'ம்பார். அடுத்த வருஷம் இன்க்ரிமென்ட்ல தெரியும். அதனால உள்ளே சிவப்பா இருந்தாலும் வெளியே பச்சைதான் சார், தர்பூசணி மாதிரி!"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சுருக்கென்றது. ஏனென்றால் இதே கதை, இதே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில், ஏற்கெனவே ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது. அந்த 'ப்ராஜெக்ட்'டின் பெயர் தென்னிந்தியா. மேனேஜரின் பெயர் டூப்ளே. அவரிடம் வேலை பார்த்த தமிழரின் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. கவிழ்ந்தபோது பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவே கூடச் சேர்ந்து கவிழ்ந்தது.

கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

*

ழொசேஃப் பிரான்சுவா டூப்ளே, 1742 ஜனவரியில் புதுச்சேரியின் கவர்னராகப் பொறுப்பேற்றார். ராஜ வம்சமெல்லாம் இல்லை. படை நடத்திப் பழகிய தளபதியும் இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் படிப்படியாக மேலே வந்த உத்தியோகஸ்தர், வியாபாரி. 1720-களிலேயே புதுச்சேரியில் கவுன்சில் உறுப்பினர். 1731-ல் வங்காளத்துச் சந்திரநாகூருக்கு இயக்குநராகப் போய், தூங்கி வழிந்த அந்த ஊரைச் சுறுசுறுப்பான துறைமுகமாக்கிக் காட்டியவர். 'பெர்ஃபார்மன்ஸ்' பார்த்துக் கொடுத்த பிரமோஷன்தான் புதுச்சேரி.

மனுஷன் ஓயாமல் வேலை செய்வார். கடிதம் கடிதமாக எழுதித் தள்ளுவார். யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் கில்லாடி. இந்திய தர்பார்களில் எந்தப் பட்டத்துக்கு என்ன மரியாதை, யாருக்கு என்ன வெகுமதி என்பதையெல்லாம் இங்கிருந்த மற்ற ஐரோப்பியர்களைவிடக் கூர்மையாகக் கற்றுவைத்திருந்தார்.

வந்ததும் ஒரு சோதனை. 1743-ல் பாரிஸிலிருந்து உத்தரவு: செலவைப் பாதியாகக் குறை, கோட்டை வேலையெல்லாம் நிறுத்து. சண்டை வரப்போகிறது என்று டூப்ளேவுக்குத் தெரியும். கடலைப் பார்த்த பக்கம் ஊர் திறந்து கிடந்தது. என்ன செய்தார்? மற்ற செலவுகளைக் குறைத்தார். மதிலை மட்டும் நிறுத்தவில்லை. கைக்காசையும் போட்டுக் கட்டினார். பின்னால் பாரிஸ் அதைப் பாராட்டவே செய்தது.

நீங்களும் நானும்கூட அந்த இடத்தில் இதைத்தான் செய்திருப்போம். ஆனால் இந்தச் சம்பவத்திலிருந்து டூப்ளே ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டார்: மேலிடத்திடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் செய், பிறகு சொல். ஜெயித்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜெயிக்கும்வரை சரியான பாடம்தான்!

*

இப்போது அந்த இன்னொருவரைப் பார்ப்போம். ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை பிழைப்புக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தார். பிள்ளை பெரிய வியாபாரி. துணி, பாக்கு, கப்பல் என்று பல தொழில். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் இன்றும் அவருடைய மாளிகை நிற்கிறது.

உத்தியோகம், துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். ஆனால் மொழிபெயர்ப்பது அந்த வேலையில் கால்வாசிகூட இல்லை. நெசவாளர்களிடமிருந்து துணி வாங்கித் தரும் வியாபாரிகளோடு விலை பேச வேண்டும். முன்பணம் கொடுத்ததை வசூலிக்க வேண்டும். ஆற்காட்டு நவாபின் ஆட்களுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசனை சொல்ல வேண்டும். ஊர்ச் சண்டையைத் தீர்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் துணிக்கட்டுகள் கரைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். புதுச்சேரியில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே எல்லாமே மீனவர்களின் படகில்தான். ஐப்பசி பிறந்து கடல் கொந்தளித்துவிட்டால் கப்பலும் நிற்காது, படகும் போகாது. இன்றைய 'டெட்லைன்' எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை!

பிள்ளையின் ஆபீஸ் எது தெரியுமா? அவருடைய பாக்குக் கிடங்கு! காலையில் கவர்னர் மாளிகைக்குப் போய்த் துரையைப் பார்ப்பார். பிறகு பாக்குக் கிடங்கில் வந்து உட்காருவார். வியாபாரி, தூதன், வம்பு சொல்கிறவன், கடன் கேட்கிறவன் எல்லோரும் அங்கே வந்து போவார்கள். ஊரில் எது நடந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கிடங்குக்கு வந்துவிடும்.

வந்ததையெல்லாம் அவர் எழுதிவைத்தார். 1736 செப்டம்பர் 6-ம் தேதி தொடங்கி, சுமார் 25 வருஷம், பெரிய பெரிய பேரேடுகளில். நாம் 'நாட்குறிப்பு' என்று கொண்டாடுகிறோமே, அது.

எதற்காக எழுதினார்? வியாபாரிக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருக்கும், அது ஒரு காரணம். ஆனால் படிக்கப் படிக்க இன்னொன்றும் புலப்படுகிறது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதினார்.

ஏன் சொல்ல முடியவில்லை? அந்தக் குடும்பம் ஒரு முறை சூடு பட்ட குடும்பம். பிள்ளைக்கு மாமன் முறை, நைனியப்பப் பிள்ளை. அவரும் பிரெஞ்சுக்காரர்களிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர்தான். 1716-ல் அன்றைய கவர்னர் எபேர், அவர்மீது பல குற்றங்களைச் சுமத்திக் கைது செய்தார். தீர்ப்பு: கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, அபராதம், ஊரைவிட்டு வெளியேற்றம். 1717-ல் சிறையிலேயே செத்துப்போனார் நைனியப்பர். அதற்குப் பிறகு, 'தீர்ப்பு தவறு, அவர் குற்றமற்றவர்' என்று பிரான்சிலிருந்து அறிவிப்பு வந்தது. செத்தவருக்கு நீதி கிடைத்து என்ன பிரயோஜனம்?

அப்போது ரங்கப் பிள்ளைக்கு ஏழு, எட்டு வயது. அந்த வயதில் பார்த்தது ஆயுசுக்கும் மறக்காது. துரைக்குப் பிடித்தவனாக இருந்தால் பல்லக்கு. பிடிக்காதவன் ஆகிவிட்டால் கசையடி.

இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிள்ளையின் அடுத்த இருபது வருஷம் புரியும்.

*

1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் காலமானார். பதவி காலி. ஊரே பரபரத்தது. முதலியாரின் தம்பி கேட்டார். 'கிறிஸ்தவருக்குத்தான் தர வேண்டும்' என்று பாதிரியார்கள் அழுத்தினார்கள். டூப்ளேவின் மனைவி ழான் அம்மையார் தனிக் காய் நகர்த்தினார். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி அவர். தமிழ் பேசத் தெரியும். கணவருக்குத் தெரியாத மொழி மனைவிக்குத் தெரியும் என்றால் அந்த வீட்டில் யார் கை ஓங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாருக்குச் சொந்தமாக ஒற்றர்கள், சேவகர்கள் என்று ஒரு பரிவாரமே உண்டு.

டூப்ளே என்ன செய்தார்? வேலையை எல்லாம் பிள்ளையிடம் வாங்கிக்கொண்டார். பதவியை மட்டும் தராமல் இழுத்தடித்தார். முறைப்படி தலைமைத் துபாஷி ஆவதற்குள் 1747 வந்துவிட்டது. 'வேலையைச் செய், டைட்டில் அப்புறம் வரும்' என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால், அது ரொம்பப் பழைய வசனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதே 1746 செப்டம்பரில் ஒரு பெரிய வெற்றி. பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரின் சென்னையைப் பிடித்தது. பிடித்தவர் லா பூர்தொனே. ஆனால் அவர் டூப்ளேவின் ஆள் இல்லை. மொரீஷியஸ் தீவின் கவர்னர். தனி டீம், தனி மேனேஜர்! பணம் வாங்கிக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருகிறேன் என்று அவர் பேரம் பேசினார். 11 லட்சம் வராகன். 'கூடவே கூடாது. சென்னை என் அதிகாரத்துக்குட்பட்டது' என்றார் டூப்ளே. இருவரும் கடிதத்தில் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்டோபர் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களை அடித்து நொறுக்கியது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். சென்னை டூப்ளே கைக்கு வந்தது. (1749-ல் ஐரோப்பாவில் செய்துகொண்ட சமாதானப்படி அதே சென்னையை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை.)

இந்த நாட்களின் குறிப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். துரை எதிரே பிள்ளை பேசுவதெல்லாம் புகழ்ச்சி. உங்கள் கீர்த்தி டெல்லிவரை எட்டிவிட்டது, உங்களைப் போல் யாரும் பிறக்கவில்லை என்கிற ரீதியில் அடுக்குவார். துரை முகம் மலரும். அந்த மலர்ச்சியையும் பிள்ளை குறித்துவைப்பார்! 'காக்கா பிடிக்கிறார்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நைனியப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். துரைக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். அதைக் கொடுத்தார். பச்சை!

*

1748. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவென், இந்தியக் கடல் அதுவரை கண்டிராத பெரிய ஐரோப்பியப் படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். டூப்ளேயின் சிறந்த தளபதி பராதி ஆரம்பத்திலேயே செத்துப்போனார். டூப்ளே தானே களத்தில் இறங்கினார். வியாபாரியாக வந்தவர் ஊரைக் காப்பாற்றிக் காட்டினார். அக்டோபரில் மழை தொடங்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்து பாஸ்கவென் திரும்பிப் போனார். பெருமைப்பட வேண்டிய வெற்றி, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்த செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. சம்பா கோயில் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். அதை அகற்ற வேண்டும் என்று பாதிரியார்கள் சுமார் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பிருந்த கவர்னர்கள், இது தமிழர்கள் வாழும் ஊர், தொட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று தட்டிக்கழித்தார்கள். டூப்ளே தட்டிக்கழிக்கவில்லை.

பிள்ளை பழுத்த வைஷ்ணவர்தான். இருந்தாலும் ஊர்க்கோயில் இடிவதைப் பார்த்து மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். யாராலும் நடத்த முடியாமல் இருந்தது, தான் துபாஷியாக இருக்கும் காலத்தில் நடந்துவிட்டதே என்கிற தவிப்பு தெரிகிறது. ழான் அம்மையார்மீது கோபம் கொப்பளிக்கிறது.

ஆனால் துரையின் முகத்துக்கு நேரே 'இது தப்பு' என்று சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தார். பேரேட்டைத் திறந்தார். எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். ஊர் என்ன நினைக்கிறது என்று அறிவதற்குத்தான் டூப்ளே ஒரு துபாஷியை வைத்திருந்தார். ஊர் மனம் கொதித்த அன்று, அந்தக் கொதிப்பு கவர்னர் மாளிகைக்குப் போகவில்லை. பேரேட்டுக்குப் போனது.

*

அடுத்த இரண்டு வருஷம் டூப்ளேவுக்குத் தொட்டதெல்லாம் பொன். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போர். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். டூப்ளேவின் ஆளான சந்தா சாகிப் நவாபாகத் தன்னை அறிவித்துக்கொண்டார்.

1750 ஏப்ரலில் முதல் சிவப்பு விளக்கு எரிந்தது. நாசிர் ஜங் பெரும் படையோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து பிரெஞ்சு அதிகாரிகள் 13 பேர் ராஜினாமா செய்தார்கள்! காரணம்? தஞ்சாவூரில் கிடைத்த பணத்தில் முன்னால் போனவர்களுக்குப் பங்கு கிடைத்தது, தங்களுக்குக் கிடைக்கவில்லை. தளபதி தொத்தேய் வேறு வழியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் படையைப் புதுச்சேரிக்குத் திருப்பினார்.

போர்க்களத்தில் 13 அதிகாரிகள் ஒரே நேரத்தில் பேப்பர் போடுகிறார்கள் என்றால், அது ஒரு நாளில் முளைத்த பிரச்னையா? எத்தனை நாள் முணுமுணுப்பு ஓடியிருக்கும்! அது மேலே போய்ச் சேரவில்லை, அல்லது போயும் யாரும் காது கொடுக்கவில்லை. டூப்ளே அதிகாரிகளைக் கைது செய்தார். தொத்தேயை விசாரணைக்கு உட்படுத்தினார். பிறகு அவரையே மறுபடியும் அனுப்பினார். அசராத மனுஷன்.

அசராததற்குப் பலன் கிடைத்தது. அந்த செப்டம்பரில் புஸ்ஸி என்கிற இளம் அதிகாரி, யாராலும் ஏற முடியாது என்று பெயர் வாங்கிய செஞ்சிக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார். புதுச்சேரியில் இன்றைக்கும் புஸ்ஸி வீதி இருக்கிறதே, அந்த புஸ்ஸிதான். டிசம்பரில் நாசிர் ஜங் தன் கூட்டாளிகளாலேயே கொல்லப்பட்டார். தெற்கே டூப்ளே வைத்ததுதான் சட்டம் என்றாயிற்று. நவாபு வேஷத்தில், ஜரிகை அங்கியில் தர்பார் நடத்தினார் அந்தக் கம்பெனி உத்தியோகஸ்தர்.

அடேயப்பா! பார்க்கிற பக்கமெல்லாம் பச்சை.

இப்படிப்பட்ட வெற்றிக்குப் பிறகு எந்த மேனேஜருக்குத்தான் 13 பேர் ராஜினாமா ஞாபகம் இருக்கும்?

*

சறுக்கல் திருச்சியில் தொடங்கியது. அங்கே ஆங்கிலேயர் ஆதரவோடு முகமது அலி உட்கார்ந்திருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக் கவனத்தைத் திருப்பினார். திருச்சியில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தயங்கித் தயங்கி, கடைசியில் ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டார். 1752 ஜூனில் சரணடைந்தார். தஞ்சாவூர்ப் படையிடம் மாட்டிய சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் உட்கார்ந்து யோசிப்பார்கள். டூப்ளே தளபதிகளை மாற்றினார். பிரெனியே, அஸ்த்ருக், மைசேன், மேன்வில் என்று இரண்டு வருஷத்துக்குள் இத்தனை பேர். ஒருவர் முடியவில்லையென்றால் அடுத்தவர். 'இந்தத் திட்டமே சரியா? இதற்குப் பணம் இருக்கிறதா? ஆள் இருக்கிறதா?' என்கிற கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. கஜானா காலியாகக் கிடந்தது. தன் சொத்தையும் உள்ளே கொட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுருட்டிக்கொண்டு ஓடுகிற ஆசாமி இல்லை அவர்.

சரி, பாரிஸில் இருந்த முதலாளிகளுக்கு இதெல்லாம் தெரியுமா? இங்கேதான் கதையின் முடிச்சு. கடிதம் போய்ச் சேரவே பல மாதம். பதில் வர ஒன்றரை வருஷம் ஆகலாம். அந்தக் கடிதங்களில் டூப்ளே வெற்றிகளை விரிவாக எழுதினார். தோல்விகளையும் செலவையும் சுருக்கினார், பூசி மெழுகினார். இதோ முடியப்போகிறது, இன்னும் கொஞ்சம்தான் என்றார். தனக்குக் கீழே இருந்தவர்களிடம் எதை எதிர்பார்த்தாரோ, அதையே தனக்கு மேலே இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ஆனால் அவர் கடிதம் காட்டிய படமும், லண்டன் வழியாக வந்த செய்தி காட்டிய படமும் ஒத்துப்போகவில்லை. முதலாளிகளுக்கு வியாபார லாபம்தான் வேண்டும். அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

1754 ஆகஸ்டில் கொதேயு என்பவர் கப்பலில் வந்து இறங்கினார். கையில் உத்தரவு: டூப்ளே உடனே பிரான்சுக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வருஷ ஆட்சி அந்த ஒரு காகிதத்தில் முடிந்தது. அக்டோபரில் கப்பல் ஏறினார். கம்பெனிக்காகத் தான் செலவழித்த பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டு வழக்காடி வழக்காடி, கடன்காரர்கள் நெருக்க, 1763-ல் பாரிஸில் செத்துப்போனார். ழான் அம்மையார் 1756-லேயே போய்விட்டார்.

நேர்மையாகச் சொல்வதென்றால், டூப்ளே தோற்றதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் எழுதிவிட முடியாது. ஆங்கிலேயரின் கப்பற்படை பலம், கிளைவ், பாரிஸின் அலட்சியம், பணத் தட்டுப்பாடு எல்லாமே உண்டு. ஆனால் இவற்றில் பலவும் வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தவை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று அவர்களை நினைக்கவைத்தது யார்?

*

பிள்ளையின் கடைசிக் காலமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. டூப்ளேவின் பிற்பகுதியிலேயே அவர் செல்வாக்கு தேய்ந்துவிட்டது. அம்மையாரின் ஆட்கள் தலையெடுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் காலத்தில் கொஞ்சம் நிமிர்ந்து, 1756-ல் பதவியும் போய், நோயாளியாகி, 1761 ஜனவரி 12-ம் தேதி காலமானார். அப்போது புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் வளைத்துக்கொண்டு நின்றார்கள். நான்கே நாளில் ஊர் அவர்கள் கைக்குப் போனது. கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். டூப்ளே கைக்காசு போட்டுக் கட்டிய மதிலும் தப்பவில்லை.

பேரேடுகள் மட்டும் தப்பின. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன. பிறகு தமிழிலும் அச்சேறின. பிரபஞ்சன் இதை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

சரித்திரக்காரர்களுக்குத் தங்கச் சுரங்கம். நமக்குக் கொண்டாட்டம். ஆனால் டூப்ளேவின் பக்கத்திலிருந்து பார்த்தால்? மாதக் கணக்கில் ஒற்றர்களுக்குப் பணம் கொடுத்து ஊர் நிலவரம் அறிந்துகொண்டிருந்த கவர்னருக்கு, அந்த ஊரின் உண்மை நிலவரம் முழுக்க ஒரு பாக்குக் கிடங்கு வியாபாரியின் பேரேட்டில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். தினமும் காலையில் அந்த மனிதர் வந்து எதிரே நின்றார். கேட்டிருந்தால், கேட்டதற்குத் தண்டனை இல்லை என்று நம்பவும் வைத்திருந்தால், சொல்லியிருப்பார்.

குருசுக்குப்பத்துப் பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவன் அப்பா வலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். நனையாமல் தலையில் கட்டிக்கொண்டு அலையைத் தாண்டிப் போவார்கள். உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று பார்த்துக் கொண்டுபோனதில்லை.

"கடல்ல அதெல்லாம் நடக்காதுங்க" என்றார் அந்தப் பெரியவர். "வாடை கிளம்புதுன்னா கிளம்புதுன்னு சொல்லிப்புடணும். படகு யாருதா இருந்தா என்ன? சொல்லாம வுட்டா எல்லாருந்தான் போவோம்."

பையன் லேப்டாப்பை மூடினான். திங்கட்கிழமை மேனேஜரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். பேசினானா என்று தெரியாது.

நீங்கள் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருப்பவரா? அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாமே பச்சையாக வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் டீமில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் டைரி எழுதிக்கொண்டிருக்கலாம்!